தெருவுக்குக் கீழே – 6: ஆலந்தூர் கட்டிய முன்பணம்

சென்ற வாரம் குடிநீர் வீட்டுக்குள் வந்து சேரும் வழியைப் பார்த்தோம். வந்த தண்ணீர் வெளியே போயாக வேண்டுமே, அது எங்கே போகிறது? 1990-களில் தமிழ்நாட்டின் பெரும்பாலான நகராட்சிகளில் இதற்கு ஒரே பதில்தான்: செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரி வரும். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆலந்தூர் நகராட்சியின் கதையும் அதுவே. ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் பேருக்கு நெருக்கமாக இருந்த ஊர். மாநகரை ஒட்டியே இருந்தும் அதன் பாதாளச் சாக்கடை இங்கே எட்டவில்லை. மனைகள் நெருங்கி வீடுகள் பெருகின. ஒரே மனையில் குடிக்க எடுக்கும் கிணறும் கழிவு தேங்கும் தொட்டியும் அக்கம்பக்கமாக இருந்தன.

1996-ல் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக வந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டம் வேகம் பிடித்தது. செலவு சுமார் 34 கோடி ரூபாய். வீட்டுவரி வசூலை நம்பி வாழும் ஒரு நகராட்சிக்கு அது மலைப்பான தொகை. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கினார்கள். மீதிக்கு மக்களிடமே போனார்கள். வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய், கடை, நிறுவனங்களுக்கு 10,000 ரூபாய் டெபாசிட். தெருவில் ஒரு குழாய்கூட இறங்காத நேரத்தில் கேட்ட பணம் இது. அன்றைக்கு 5,000 ரூபாய் பல குடும்பங்களின் ஒரு மாதச் சம்பளம்.

மக்கள் கட்டினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் முன்னின்றன. கவுன்சிலர்களும் அதிகாரிகளும் தெருத் தெருவாகப் போய்க் கணக்கை விளக்கினார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் பெரிதாகப் படுவது இதுதான். அரசு அலுவலகத்தில் கட்டிய பணம் வேலையாகத் திரும்பி வரும் என்று ஓர் ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையைச் சம்பாதித்ததுதான் நகராட்சி செய்த முதல் வேலை. பள்ளம் தோண்டியது அதற்குப் பிறகு.

டெபாசிட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைப்பது என்பது ஒப்பந்தம். முதல் கட்டமாக நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் கழிவுநீருக்கு அது திட்டமிடப்பட்டது. போதுமான கழிவுநீர் வந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். முன்பணம் கட்டியவர் இணைப்பு வாங்காமல் இருக்க மாட்டார். குழாய் போட்டு முடித்தும் வீட்டு இணைப்பு சேராமல் திணறும் ஊர்கள் நம்மிடையே உண்டு. ஆலந்தூர் அந்தச் சிக்கலை ஆரம்பத்திலேயே கடந்துவிட்டது. 2000-ல் தொடங்கிய வேலையில் சுமார் 120 கிலோமீட்டர் குழாய் மண்ணுக்குள் இறங்கியது.

குழாய் இறங்கியதோடு வேலை முடிவதில்லை. ஒரு மேன்ஹோல் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அடியில் அரைவட்டமாக ஒரு சிறு வாய்க்கால் ஓடும். இரு பக்கமும் அதை நோக்கிச் சரியும் சிமென்ட் பூச்சு. கழிவு எங்கும் தங்காமல் வழுக்கிப் போவதற்கான ஏற்பாடு அது. வினாடிக்கு இரண்டடி வேகமாவது இருந்தால்தான் மண்ணும் திடக்கழிவும் அடியில் படியாமல் நீரோடு போகும். இந்த வேகத்துக்காகவே பொறியாளர்கள் அங்குலம் அங்குலமாகச் சரிவு கணக்கிடுகிறார்கள்.

அத்தனை கணக்கையும் ஒரு மழைநாளில் நாம் கெடுத்துவிடுகிறோம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் யாராவது கடப்பாரையோடு வந்து மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுகிறார். தண்ணீர் வடிவது உண்மைதான். கூடவே மணலும் பிளாஸ்டிக் பையும் இறங்கி அந்த வாய்க்காலை அடைக்கின்றன. சில நாளில் தரைத்தள வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறும். உடனே ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கிவிடுகிறார்கள்.

இது குற்றம். பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் மரணச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடைப்பை உறிஞ்சவும் தள்ளவும் இயந்திரங்கள் இருக்கும்போது ஓர் உயிர் போவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அங்கே அடைப்பு என்றால் சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916-ஐ அழைக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய 14420-ஐ அழையுங்கள். மழையில் மூடியைத் திறக்காதீர்கள். எந்த அவசரத்திலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள்.

(தொடரும்)