கலப்பை தூக்காவிட்டால் எங்கே பார்ப்பது?

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் நற்பிட்டிமுனை வயற்காரருக்கு ஒரு நாளும் வீணாக்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் ட்ரக்டர் கலப்பையைத் தூக்க மறுக்கும். "காக்கா, பம்ப் போயிற்று, புதிசு போடவேணும்" என்று ஒருவர் சொன்னால் கடன்பட்டாவது வாங்கிப் போடுகிறோம். பழுது பல வேளைகளில் பம்பில் இருப்பதில்லை.

மேசி பெர்குசன் 135, 240 வகைகளை வைத்தே இங்கு சொல்கிறோம். பம்ப் தள்ளும் ஒயில் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ள, அது பின்கைகளை உயர்த்துகிறது. அடைபட்ட ஒயில் சுருங்காது என்பதே இதன் அடிப்படை. பிரான்சின் சிட்ரோயன் கம்பனி 1955இல் வெளியிட்ட டி.எஸ். கார், தன் உடலையே இவ்வாறு ஒயிலின் பலத்தால் உயர்த்தி நின்றது.

இந்த ட்ரக்டர்களில் பம்ப் கியர்ப்பெட்டிக்குள்ளேயே ஒயிலில் மூழ்கி இருக்கிறது. அதைச் சுழற்றுவது பி.ரி.ஓ. தண்டு. ஆகவே கிளச்சை முழுதாக மிதித்தால் பம்ப் சுழலாது, கலப்பையும் எழும்பாது. பம்பைக் கழற்றிய பின்னர் இதைக் கவனித்தவர்களை நாம் அறிவோம். கழற்றிய கூலியை யார் திருப்பித் தருவது?

அது சரியென்றால் ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி இரையும். நிறத்தையும் பாருங்கள். பால் தேத்தண்ணி போல இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சேற்றில் ஆழமாக இறங்கி உழும் எமது பகுதியில் இதை அடிக்கடி காணலாம். கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். எனவே தண்ணீர் இரண்டையும் கெடுக்கும். முழுவதையும் வடித்து, பம்பின் சல்லடையையும் கழுவி, புது ஒயில் விடவேண்டும். மேலே கொஞ்சம் புது ஒயில் ஊற்றிச் சமாளிப்பது காசைச் சேற்றில் போடுவதே.

அடுத்தது தாங்கும் சோதனை. கலப்பையை உயர்த்தி, லீவரை அப்படியே விட்டு எஞ்சினை நிறுத்துங்கள். மெல்ல மெல்ல இறங்குவது பழைய இயந்திரத்துக்கு இயல்பு. உடனே விழுந்தால் சிலிண்டர் பிஸ்டனின் சீல், ஒயில் குழாயின் ஓ வளையம், இறக்கும் வால்வு ஆகியவற்றில் ஒன்று கசிகிறது. எஞ்சின் ஓடும்போது கைகள் விக்கல் எடுப்பதுபோல் இறங்கி ஏறினாலும் அதே கசிவுதான்: இறங்கியதை பம்ப் மீண்டும் தூக்குகிறது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒரு ஓ வளையத்தின் விலைக்கும் பம்பின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒயில் நல்லது, தாங்குகிறது, ஆனால் வெறுங்கையைத் தூக்கிப் பாரத்தைத் தூக்கவில்லையா? அல்லது காலையில் தூக்கி, சூடேறியபின் மறுக்கிறதா? சூட்டில் ஒயில் இளகித் தேய்ந்த இடைவெளிகளால் நழுவுகிறது. இப்போதுதான் பம்பையும் அழுத்த வால்வையும் சந்தேகிக்க வேண்டும்.

இச்சோதனைகளின்போது தூக்கிய கலப்பையின் கீழ் எவரும் தலையை நீட்டக்கூடாது. பெட்டி கவிழ்க்கும் வெளிக்குழாயில் கசிவைத் தேடும்போது விரலால் தடவவேண்டாம். ஊசித் துளையால் பாயும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரலாம். ஒரு காட்போட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள். தோலில் பாய்ந்துவிட்டால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒயில் பாய்ந்தது என்று டொக்டரிடம் சொல்லுங்கள்.