ஒரு நாடு கடனைக் கட்டாவிட்டால் யார் கேட்பது?



நாடுகளுக்கிடையிலான கடனையும் கொடுப்பனவையும் பற்றிய இம்மாத உரையின் எழுத்து வடிவம் இது. பொருளாதாரம் எமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஊரில் இருக்கும் அக்காவோ மாமாவோ கடைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இந்தக் கடனில் ஒரு துளியைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் இது எம் வீட்டுக் கதையும் தான்.

ஊரில் கடனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சின்னத் தொகை என்றால் கைமாற்று. பெரிய தொகை என்றால் காணியை ஈடு வைப்போம், அல்லது ஒற்றிக்குக் கொடுப்போம். கட்டாவிட்டால் வழக்கு, நீதிமன்றம், கடைசியில் காணி ஏலம். ஆனால் கடன்காரன் ஒரு நாடாக இருந்தால்? நாட்டை ஏலம் போட முடியாது. உலகத்துக்கு ஒரு விதானையாரும் இல்லை. அப்படியானால் யார் கேட்பது, எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது?

2022 ஏப்ரல் 12

அன்றைய தினம் இலங்கை நிதி அமைச்சு வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அப்போது நாட்டின் வெளிநாட்டுக் கடன் சுமார் 51 பில்லியன் டொலர். ஏப்ரல் 18 இல் கட்டவேண்டிய 78 மில்லியன் டொலர் வட்டி கட்டப்படவில்லை. முப்பது நாள் தவணையும் மே 18 இல் முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை கடனில் தவறியது அதுவே முதல் தடவை.

கம்பனி ஒன்று முறிந்தால் அதற்கு வங்குரோத்துச் சட்டம் உண்டு. நீதிபதி எல்லாக் கடன்காரரையும் ஓரிடத்தில் கூட்டி, இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பார். நாடுகளுக்கு அப்படியொரு சட்டமும் இல்லை, அப்படியொரு நீதிமன்றமும் இல்லை. 2000 களின் தொடக்கத்தில் சர்வதேச நாணய நிதியத்துக்குள் அப்படி ஒரு முறையை உருவாக்கும் யோசனை வந்தது. அது நிறைவேறவில்லை. ஆகவே ஒவ்வொரு வகைக் கடனுக்கும் ஒவ்வொரு வழிதான்.

மூன்று வகைக் கடன்காரர்

முதலாவது, நாணய நிதியம், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற பொது நிறுவனங்கள். இவற்றின் கடனை வெட்டுவதில்லை. மற்றவர்களுக்கு முன் இவற்றுக்குக் கட்டவேண்டும். இது பெரும்பாலும் எழுதிய சட்டம் அல்ல, எல்லோரும் ஏற்று நடக்கும் வழக்கம்.

இரண்டாவது, நாட்டுக்கு நாடு கொடுத்த கடன். இதற்காக 1956 இல் ஆர்ஜென்டீனாவின் கடனைப் பேசக் கூடியபோது உருவானது தான் பரிஸ் கழகம். இது உடன்படிக்கையால் அமைந்த நிறுவனம் அல்ல, கடன் கொடுத்த நாடுகள் ஒரு மேசையில் கூடிப் பேசும் இடம் மட்டுமே. சீனாவும் இந்தியாவும் அதில் உறுப்பினர் அல்ல. அதனால் இலங்கைக்காக 2023 இல் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய மூன்றும் இணைத்தலைமை வகிக்கும் தனிக் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூன் 26 இல் அந்தக் குழுவுடன் 5.8 பில்லியன் டொலர் கடனுக்கு இணக்கம் ஏற்பட்டது. சீன எக்சிம் வங்கி குழுவில் சேராமல் 4.2 பில்லியன் டொலருக்குத் தனியாக ஒப்பந்தம் செய்தது. ஒருவருக்குக் கொடுக்கும் சலுகை மற்றவருக்குக் கொடுப்பதைவிடக் கூடக் கூடாது என்பதே இந்தப் பேச்சுக்களின் மூல விதி. சீட்டுக்காரரிடம் காசை விட்டவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல: ஒருவருக்கு இரகசியமாக முழுத்தொகையும் கொடுத்துவிட்டு மற்றவரிடம் பொறுமை கேட்க முடியாது.

மூன்றாவது வகை தான் எமக்கு மிகக் கிட்டத்தில் நடப்பது: சர்வதேசச் சந்தையில் விற்ற முறிகள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வழக்கு

இலங்கை அரசின் டொலர் முறிகள் கொழும்புச் சட்டத்தின் கீழ் எழுதப்படவில்லை. நியூயோர்க் மாநிலச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. ஏன் என்று கேட்டால், 1929 இல் செர்பியக் கடன் வழக்கில் அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஒரு அடிப்படையை வகுத்தது. அரசும் அரசும் அரசுகளாக நின்று செய்யும் ஒப்பந்தம் சர்வதேசச் சட்டத்தின் கீழ் வரும். மற்ற எந்த ஒப்பந்தமும் ஏதாவது ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டத்தைத் தான் சாரும். முறியை வாங்குவோர் பெரும்பாலும் தனியார். கடன்பட்ட நாடு தன் சட்டத்தைத் தானே மாற்றிவிடலாம் என்பதால், அவர்கள் அதன் கைக்கு எட்டாத சட்டத்தைக் கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் ஒரு அரசை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அமெரிக்கா 1976 இல் இயற்றிய வெளிநாட்டு அரசுகளின் விலக்குரிமைச் சட்டம் இதற்கு ஒரு விதிவிலக்கு வைத்தது: அரசு வியாபாரியைப் போல் நடந்தால் வியாபாரியைப் போல் வழக்குக்கும் முகம் கொடுக்க வேண்டும். முறி விற்பது வியாபாரமே என்று 1992 இல் ஆர்ஜென்டீனா தொடர்பான வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தக் கதவால் தான் ஹமில்டன் றிசேர்வ் வங்கி உள்ளே வந்தது. கரிபியனில் உள்ள செயின்ற் கிற்ஸ் நேவிஸ் நாட்டில் பதிவான வங்கி அது. 2022 ஜூலையில் முதிர்வடையவிருந்த ஒரு பில்லியன் டொலர் முறியில் 250 மில்லியன் டொலருக்கு மேல் தன்னிடம் இருப்பதாகக் கூறி, 2022 ஜூன் 21 இல் மன்ஹற்றனில் உள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் இலங்கை மீது வழக்குப் போட்டது. நியூ ஜேர்சியில் இருந்து பாத் ரயிலில் வேலைக்குப் போகும் எம்மவர் பலர் தினமும் இறங்கும் இடத்துக்கு நடை தூரத்தில் உள்ள நீதிமன்றம் அது.

ஏன் அந்தத் தொகை? அந்த முறியின் நிபந்தனைகளை மாற்ற நூற்றுக்கு 75 வீதமானவர்களின் சம்மதம் வேண்டும். கால்பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் அவரை மீறி மாற்ற முடியாது. 2023 நவம்பரில் நீதிபதி வழக்கை ஆறு மாதம் நிறுத்திவைத்தார். பேச்சுவார்த்தை குழம்பக் கூடாது என்று அமெரிக்க, பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகளும் நிறுத்தத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தன. 2024 டிசம்பரில் மற்ற முறிக்காரரில் மிகப் பெரும்பாலானோர் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கிக்கொண்டார்கள். ஹமில்டன் அதில் சேரவில்லை.

தீர்ப்பு வேறு, காசு வேறு

வழக்கில் வென்றாலும் அறவிடுவது இலகுவல்ல. தூதரகத்தை 1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை காக்கிறது. மத்திய வங்கி தன் தேவைக்கு வைத்திருக்கும் சொத்துக்கு அதே 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. போர்க்கப்பலைத் தொட முடியாது. 2012 ஒக்ரோபரில் என்.எம்.எல். என்ற நிதியம் ஆர்ஜென்டீனாவின் கடற்படைப் பாய்க்கப்பல் ‘லிபேர்ட்டாட்’டைக் கானா நாட்டுத் துறைமுகத்தில் மறித்து வைத்தது. டிசம்பரில் கடற்சட்டத்துக்கான சர்வதேச நியாயமன்றம் அதை விடுவிக்க உத்தரவிட்டது. ஆனால் அதே நிதியம் நியூயோர்க்கில் இன்னொரு வழியைப் பிடித்தது. எமக்குக் கட்டாமல் மற்ற முறிக்காரருக்கும் கட்டக் கூடாது என்று தடை உத்தரவு பெற்றது. கடைசியில் 2016 இல் ஆர்ஜென்டீனா இறங்கிவந்து பணம் கொடுத்தது.

ஒரு காலத்தில் கடனுக்குப் பீரங்கி வந்தது. 1902 இல் பிரித்தானியா, ஜேர்மனி, இத்தாலி ஆகிய மூன்றும் வெனிசுவேலாவின் துறைமுகங்களை முற்றுகையிட்டன. ஆர்ஜென்டீனாவின் வெளிவிவகார அமைச்சர் ட்ராகோ இதை எதிர்த்தார். 1907 இல் ஹேக் நகரில், கடனை அறவிடப் படைபலம் பாவிப்பதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை உருவானது. 1945 இல் ஐ.நா. சாசனம் அந்த வாசலை முழுதாக அடைத்தது.

அப்படியானால் அம்பாந்தோட்டை? கடனுக்காகச் சீனா துறைமுகத்தைப் பறித்தது என்று பலர் சொல்வதுண்டு. சட்டப்படி நடந்தது வேறு. 2017 இல் ஒரு சீனக் கம்பனி 1.12 பில்லியன் டொலருக்கு 99 வருடக் குத்தகை எடுத்தது. துறைமுகம் கட்ட எடுத்த கடன் அதனால் தீரவில்லை. இலங்கை அரசின் தலையிலேயே இருந்தது. ஊர்மொழியில் சொன்னால், காணியைக் குத்தகைக்குக் கொடுத்து வந்த காசில் வேறு செலவு பார்த்தார்கள், ஈடு அப்படியே நின்றது.

காசு போகும் வழி அடைபட்டால்

சில நேரம் கட்ட மனம் இருந்தாலும் கட்ட வழி இருக்காது. 2012 இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை சுமார் 251 மில்லியன் டொலர் பாக்கி. அமெரிக்கத் தடைகளால் டொலரை வங்கி வழியே அனுப்ப முடியவில்லை. 2021 டிசம்பரில் மாதம் ஐந்து மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை அனுப்பி அந்தக் கடனைத் தீர்ப்பதென இரு நாடுகளும் உடன்பட்டன. தேயிலை உணவுப்பொருள், தடைசெய்யப்பட்ட வங்கி எதுவும் இதில் இல்லை, ஆகவே தடை மீறல் இல்லை என்பது கொழும்பின் வாதம். அந்தக் கொழுந்தைக் கிள்ளும் கைகள் எம் மலையகத்து உறவுகளின் கைகள் என்பதை மறக்கக் கூடாது.

போருக்கு வாங்கிய கடனை யார் கட்டுவது?

இந்தக் கேள்வி எம் மனதில் இல்லாமல் இல்லை. இலங்கை தன் முதலாவது சர்வதேச முறியை விற்றது 2007 ஒக்ரோபரில், போர் நடுவில், 500 மில்லியன் டொலருக்கு. அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சி தான் ஆட்சிக்கு வந்தால் அதைத் திருப்பிக் கட்டாது என்று எச்சரித்தது. எங்கள் மேல் விழுந்த குண்டின் விலையை எங்கள் பிள்ளைகளே கட்டுவதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? ஆட்சி மாறினாலும் அரசு மாறுவதில்லை, கடன் தொடரும். கோத்தாபய 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடினார்; கடன் ஓடவில்லை. இதற்கு எதிராக ஒரு கோட்பாடு உண்டு. 1898 இல் ஸ்பெயினுடன் பேசும்போது, கியூப மக்களின் சம்மதமின்றி அவர்களை அடக்க வாங்கிய கடனைக் கியூபா சுமக்கக் கூடாது என்று வாதாடியது வேறு யாருமல்ல, அமெரிக்கா தான். 1927 இல் அலெக்சாண்டர் சாக் என்ற சட்ட அறிஞர் இதைக் கோட்பாடாக எழுதினார். மக்களின் சம்மதம் இல்லாமல், மக்களின் நலனுக்கு எதிராக, அது தெரிந்தே கொடுத்த கடன் மக்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். இந்தக் கோட்பாடு இன்னும் ஏற்கப்பட்ட சட்டமாகவில்லை. சதாம் ஹுசைனின் கடனுக்குக் கூட 2004 இல் பரிஸ் கழகம் 80 வீதக் குறைப்புக் கொடுத்ததே தவிர, அந்தக் கோட்பாட்டின் பேரில் கொடுக்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தெருப் போடக் கடன் வாங்கினால், தெருவுக்கு ஒதுக்கியிருந்த வரிப்பணம் ஆயுதத்துக்குப் போகலாம். எந்த டொலர் எதற்குப் போனது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

எங்களுக்கு என்ன?

ஒரு பயத்தைத் தீர்ப்போம். அரசின் கடன் குடிமக்களின் தனிக்கடன் அல்ல. நாங்கள் அம்மாவுக்கு அனுப்பும் காசையோ, ஊரில் அவர் பெயரில் உள்ள காணியையோ வெளிநாட்டுக் கடன்காரர் தொட முடியாது. கடன் வேறு வழியால் வீட்டுக்கு வருகிறது. 2022 மே மாதம் வரை 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. 2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த முறிகளும் அதற்குள் இழுக்கப்பட்டன. வெளிநாட்டு முறிக்காரருக்கு வாதாட மன்ஹற்றனில் சட்டத்தரணி இருக்கிறார். தோட்டத் தொழிலாளியின் சேமலாப நிதிக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை.

இருந்தாலும் மன்ஹற்றன் வழக்கின் பத்திரங்கள் பொதுப் பத்திரங்கள். எவரும் எடுத்து வாசிக்கலாம். எம் பிள்ளைகளில் சட்டமும் கணக்கியலும் படித்தவர்கள் இப்போது நிறையப் பேர். எவ்வளவு கடன், எதற்கு, யாரைக் கேட்டு வாங்கினார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அடுத்த கடன் கையெழுத்தாவதற்கு முன்பே அந்தக் கேள்வி எழவேண்டும்.

உங்கள் எண்ணங்களை எமக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் சந்திப்போம்.