நெற்றியில் தெரியும் அரை அங்குலம்

வழுக்கையை மறைக்க ஹேர் பேட்ச் வைத்திருப்பவரை மற்றவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உச்சந்தலையைப் பார்த்து அல்ல, நெற்றியைப் பார்த்துத்தான். முடி தொடங்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு விளிம்பு. அதிலிருந்து குபீரென்று கிளம்பும் அடர்ந்த கருமுடி. எதிரில் நின்று பேசுபவரின் பார்வை அங்கேயே போய் நின்றுவிடும். நல்ல முடி, நல்ல நிறம், தலைக்குச் சரியான அளவு என்று எல்லாம் பொருந்தியிருந்தாலும் அந்த அரை அங்குலம் காட்டிக்கொடுத்துவிடும்.

வழுக்கை விழாத ஒருவரின் நெற்றியை ஓரடி தூரத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். அங்கே கோடு என்று ஒன்றே இல்லை. முதலில் பூனைமுடிபோல மெல்லிய, குட்டையான முடிகள் ஒற்றை ஒற்றையாக, ஒழுங்கில்லாத இடைவெளியில் நிற்கும். இரண்டொன்று நெற்றிக்குள் தனியாக இறங்கியிருக்கும். அவற்றுக்குப் பின்னால்தான் முடி தடித்து, இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து, அடர்த்தி கூடிக்கொண்டே போகும். முன்பகுதியில் வேர்கள் பெரும்பாலும் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். நெற்றிப்பொட்டுப் பக்கம் வரவர அந்தச் சாய்வு கீழ்நோக்கித் திரும்பும். நல்ல பேட்ச் செய்பவர் இந்த ஒழுங்கின்மையைத்தான் கையால் உண்டாக்க வேண்டும்.

விளிம்பை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. நாற்பத்தைந்து வயதுக்காரர் கல்லூரிக் காலத்துப் புகைப்படத்தை நீட்டி, அதேபோல வேண்டும் என்பார். ஆசை நியாயமானது. ஆனால், கண்ணோரம் சுருங்கிய முகத்தின்மேல் இருபது வயது நெற்றி ஒட்டாது. ஆண்களின் முடி உதிர்வை அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-ல் படிநிலைகளாக வகுத்தார். ஓ'டார் நார்வுட் 1975-ல் அதைத் திருத்தி அமைத்தார். அந்த அளவுகோலின் இரண்டாம் நிலையில் நெற்றியின் இரு மூலைகளும் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். நடுவயது ஆண்களிடம் சர்வசாதாரணமாகக் காணும் நெற்றி இது. யாரும் அதை வழுக்கை என்று சொல்வதில்லை. பேட்சின் மூலைகளையும் அப்படியே உள்வாங்க விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இடத்தைக் குறிக்க எளிய வழி உண்டு. புருவங்களை நன்றாக உயர்த்தினால் நெற்றியில் சுருக்கங்கள் விழும். மேல் சுருக்கத்துக்கும் கீழே பேட்ச் இறங்கினால், முகம் அசையும்போது விளிம்பும் சேர்ந்து மடங்கி எழும்பும். சுருக்கங்கள் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே விளிம்பு நிற்க வேண்டும். புருவத்துக்கு மேல் நான்கு விரல்கடை என்று பலர் கணக்கு வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அரை விரல் ஏற்றி வைப்பதில் நஷ்டமில்லை. இறக்கி வைத்தால்தான் வம்பு.

அடுத்தது அடித்தளம். ஸ்கின் பேஸ் என்பது மெல்லிய பாலியூரித்தேன் படலம். ஒட்டவும் துடைக்கவும் எளிது. லேஸ் என்பது சல்லடைத் துணி. பிரெஞ்ச் லேஸ் கொஞ்சம் உறுதியானது. சுவிஸ் லேஸ் அதைவிட மெல்லியது, சீக்கிரம் கிழியக்கூடியது. நெற்றித் தோல் ஊடுருவித் தெரிவதால் முன்பக்கத்துக்கு லேஸை அடிக்க வேறொன்றில்லை. அந்தச் சல்லடையின் கண்களில் கொக்கிபோல வளைந்த நுண்ணிய ஊசியால் முடியை இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். பின்பகுதிக்கு உறுதியான இரட்டை முடிச்சு; முன்வரிசைக்கு ஒற்றை முடி, ஒற்றை முடிச்சு. கருமுடியின் முடிச்சுகள் தோலின்மேல் கரும்புள்ளிகளாகத் தெரியும் என்பதால் அவற்றை ப்ளீச் செய்து வெளுக்க வைப்பார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. ப்ளீச் முடியைப் பலவீனமாக்கும். அதனால் முதலில் உதிர்வதும் முன்வரிசை முடிதான்.

இந்த வேலைக்கு வரும் முடியில் நம் பக்கத்து முடிக்குப் பெரிய பங்கு உண்டு. திருப்பதியில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது உலகச் சந்தைக்குப் போகிறது.

இனி நாற்காலியில் நடக்கும் வேலை. பேட்சை ஒட்டிய பிறகே முன்முடியை வெட்ட வேண்டும். மேசையில் வைத்து வெட்டியது முகத்துக்குப் பொருந்தாது. கத்தரியைக் குறுக்கே வைத்து நறுக்கினால் முடி நுனிகளே ஒரு கோடாகிவிடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கத்தரியின் முனையைச் செங்குத்தாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்துவார்கள். திண்ணிங் கத்தரியால் கனத்தைக் குறைப்பார்கள். பிறகு ட்வீசரை எடுத்து முன்வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முடிகளைப் பிடுங்குவார்கள். பணம் கொடுத்து வாங்கிய முடியைப் பிடுங்குவதைப் பார்க்க வாடிக்கையாளருக்கு மனம் பதறும். ஆனால் அந்த இடைவெளிகள்தான் விளிம்பை உயிருள்ளதாக்குகின்றன. லேஸின் ஓரத்தையும் நேராக வெட்டாமல் சிறுசிறு பற்களாக வளைத்து வெட்டினால் அது தோலோடு கலந்துவிடும்.

முடியை முன்னால் இறக்கியோ பக்கவாட்டிலோ சீவுவது பாதுகாப்பானது, விளிம்பு மறைந்திருக்கும். மேலே தூக்கிப் பின்னால் சீவ ஆசைப்படுபவர் அதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். வேரின் சாய்வு முடிச்சுப் போடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு ஜெல் பூசினாலும் முன்னால் சாயக் கட்டிய முடி பின்னால் நிற்காது. ட்ரையரில் மிதமான சூடு வைத்து, வேரைச் சீப்பால் சற்றே தூக்கிக் காயவைத்தால் போதும். இது மனித முடிக்கு மட்டும். செயற்கை இழை பெரும்பாலும் சூட்டில் சுருண்டுவிடும்.

சினிமா இந்தக் கலையை வளர்த்தது. குளோசப் காட்சி வந்த பிறகு, தூரத்து மேடையில் செல்லுபடியான டோப்பாக்கள் கேமராவின் முன் நிற்கவில்லை. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்டாக வந்தபோது தலையில் இருந்தது டோப்பாதான். பொது இடங்களில் வழுக்கைத் தலையோடு இயல்பாக வரும் ரஜினிகாந்த், திரையில் வெவ்வேறு வயதுக்கேற்ற விக்குகளோடு வருகிறார். நெற்றி எங்கே தொடங்குகிறது என்பதும் அந்த வயதைச் சொல்லும் வேலையில் சேர்ந்தது.

சென்னை வெயிலுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. வியர்வை முதலில் தாக்குவது பேட்சின் முன்பக்கத்தை ஒட்டும் டேப்பைத்தான். நெற்றியில் எண்ணெய்ப்பசை இருந்தால் பசை பிடிக்காது. தேங்காய் எண்ணெய் பட்டால் ஒட்டியதும் இளகும். நீர் விட்டுக் குழைத்துப் பூசும் திருநீற்றை விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பூசுவது நல்லது. பசையை அள்ளிப் பூசினாலும் கெடுதல்தான்: லேஸின் கண்கள் வழியாக அது மேலே வந்து பளபளக்கும். மெல்லிய பூச்சு, அது காயும்வரை பொறுமை, பிறகு அழுத்தம்.

முதல்முறை பேட்ச் வைக்கப் போகிறவர் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கட்டும்: முன்னால் லேஸ், குறைந்த அடர்த்தி, உள்வாங்கிய மூலைகள். பசையைக் கைமடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லை என்று உறுதிசெய்த பிறகே நெற்றிக்குக் கொண்டுபோகட்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் போய் உட்காராமல், இரண்டு வாரம் முன்னதாகவே வைத்துக்கொண்டால், திருத்தி வெட்டவும் அவகாசம் இருக்கும்.