பொயின்ட் செட் கேட்டு வருகிறவர்கள்

என் கடையில் இன்னமும் பொயின்ட் செட் விற்கிறேன். தம்புள்ளையில், குருநாகல் றோட்டில் இருக்கும் சின்ன உதிரிப்பாகக் கடை. ஹைபிரிட் கார்களுக்கு ஃபில்டர், பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றி வரும் லொறிகளுக்கு பிரேக் லைனர் என்று வியாபாரத்தில் பெரும்பகுதி அப்படித்தான் ஓடுகிறது. ஆனாலும் இடைக்கிடை ஒருவர் வந்து, "கேஈ 70க்கு பொயின்ட் இருக்கா முதலாளி?" என்று கேட்பார். கையிலிருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு, வெளியே என்ன நிறத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பேன்.

இளம் பிள்ளைகளுக்குப் பொயின்ட் என்றால் என்னவென்று தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்னத் தொடுமுனைகள் தெரியும். நடுவிலுள்ள தண்டு சுழலச் சுழல அவை திறந்து மூடும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் கொயிலில் அழுத்தம் எகிறி, பிளக்கில் நெருப்புப் பொறி பாயும். நன்றாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.45 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். தொடுமுனை தேயத் தேய இடைவெளி மாறும், எஞ்சின் தட்டுத் தடுமாறும். பழைய மெக்கானிக் பாஸ்மார் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடையில் நுழைத்து, அது மெதுவாகப் பிடித்துக்கொண்டு வழுக்கினால் "சரி" என்று ஸ்குரூவை இறுக்கிவிடுவார்கள். கேஜ் இல்லாவிட்டால் ஒரு மட்டைத் துண்டு போதும். காட்டு யானை குறுக்கே வரும் ஹபரணை றோட்டில் இரவில் கார் நின்றுபோனால், ஒரு டோர்ச்சும் ஒரு ஸ்குரூ டிரைவரும் இருந்தால் வீடு வந்து சேரலாம். இன்றைய காரில் கம்பியூட்டர் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் இழுவை லொறிக்குத்தான் போன் அடிக்க வேண்டும்.

கேஈ 70 என்பது டொயோட்டா கொரோலாவின் நான்காம் தலைமுறை. ஜப்பானில் 1979 மார்ச்சில் வெளிவந்தது. எஞ்சின் 4கே, 1290 சீசீ. வார்ப்பிரும்பு புளொக், டைமிங் செயின், கார்புரேட்டர். முன்னால் எஞ்சின், பின்சில்லுக்கு இழுவை. இந்த அமைப்பில் வந்த கடைசிச் சாதாரண கொரோலா செலூன் இதுதான். 1983 இல் வந்த அடுத்த தலைமுறையில் செலூன் முன்சில்லு இழுவைக்கு மாறிவிட்டது. கேஈ 70இன் பொனெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் மட்காட்டுக்கும் இடையில் கையை முழங்கை வரை விடலாம். எதை எப்படிக் கழற்றுவது என்று பார்த்த மாத்திரத்தில் புரியும். எதிர்காலத்தில் யாரோ ஒரு கிராமத்து பாஸ் இதைத் திறப்பான் என்று எண்ணித்தான் அந்த ஜப்பானியர்கள் இதை வரைந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அதே வம்சத்தின் வேகன்தான் நம் ஊரில் டீஎக்ஸ் வேகன் என்று சொல்கிறோமே, அது. பின் இருக்கையை மடித்தால் வெங்காய மூட்டையும் போகும், கல்யாண வீட்டுச் சட்டி பானையும் போகும்.

இந்தக் கார்கள் இங்கே வந்து குவிந்த கதைக்கு ஆண்டு ஒன்று உண்டு, 1977. அதற்கு முன்னர் பல வருடங்கள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. புதுக் கார் என்பது காணக் கிடைக்காத பொருள். ஐம்பதுகளில் வந்த மொரிஸ் மைனரையும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினார்கள். ஜே.ஆர். ஜயவர்தன அரசு வந்து திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்ததும் கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான் வாகனங்கள் இறங்கத் தொடங்கின. தம்புள்ளைப் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மகாவலித் திட்டம். போவத்தென்னையிலிருந்து சுரங்கம் வழியாக மகாவலித் தண்ணீர் கலாவெவப் பக்கம் வந்ததோடு பொறியியலாளர்கள், குத்தகைக்காரர்கள், அவர்களோடு ஜீப்பும் பிக்கப்பும் காரும் வந்தன. இன்று கலேவெல, கெக்கிராவப் பக்கம் ஒரு பழைய வளவில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் வண்டியை விசாரித்தால், பாதிக்குப் பாதி மகாவலி வேலைக்காரர் ஒருவரின் கதைதான் வெளியே வரும்.

எங்கள் வீட்டுக் காரும் அப்படித்தான். 1982 மாதிரி கேஈ 70, வெளிர் நீலம். அப்பா மாத்தளையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதினார். 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது அந்த முதலாளியின் கடையும் காரும் ஒரே நெருப்பில் போயின. அதற்குப் பிறகு அப்பா வெகுகாலம் கார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. தம்புள்ளைக்கு வந்து இந்தக் கடையைப் போட்டு, தொண்ணூறுகளில் ஓய்வுபெற்றுப் போன ஒரு சிங்களப் பொறியியலாளரிடமிருந்து நீலக் காரை வாங்கினார். அவர் பதிவுப் புத்தகத்தோடு ஒரு கொப்பியையும் கொடுத்தார். எண்ணெய் மாற்றிய நாள், மீட்டர், பிளக் மாற்றிய நாள், எல்லாம் அழகான சிங்கள எழுத்தில். அப்பா அதே கொப்பியில் தமிழில் தொடர்ந்தார். இப்போது நான் எழுதுகிறேன். டாஷ்போர்டில் சோக் பிடியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூன்று பேருடைய விரல் பட்டு வழுவழுவென்று இருக்கிறது. குளிர் காலையில் அதை இழுத்து, எஞ்சின் சூடானதும் பாதியளவு தள்ளி, பிறகு முழுதாகத் தள்ள வேண்டும். அந்த அளவை யாரும் சொல்லித் தர முடியாது, காது சொல்லும்.

எண்பதுகளின் மற்றக் கார்களும் நம் தெருவில் உண்டு. 1981 இல் முன்சில்லு இழுவையோடு வந்த நிசான் சன்னி பீ 11, 1985 இல் அதன் பின்னால் வந்த பீ 12. இந்த பீ 12ஐ இலங்கை முழுக்க ட்ராட் சன்னி என்றுதான் சொல்வார்கள். நான்கு பக்கமும் அளவுகோல் வைத்து வெட்டியது போன்ற மிட்சுபிஷி லான்சருக்கு லான்சர் பொக்ஸ் என்று பெயர். அரசியல்வாதிகளின் வாகனமாகப் பெயரெடுத்த பஜேரோ முதலில் வந்தது 1982 இல். இவற்றில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பீ 11இன் உடம்பு துருவுக்கு இலகுவில் இடம் கொடுக்கும், லான்சரின் உள் அலங்காரத் துண்டுகள் தேடிக் கிடைப்பதில்லை. என்னிடம் ஒருவர் "சேர்த்து வைக்க ஒன்று வாங்கப் போகிறேன், எதை வாங்க?" என்று கேட்டால், கேஈ 70 அல்லது டீஎக்ஸ் வேகன் என்றுதான் சொல்வேன்.

உலகத்தில் எண்பதுகளின் கார் என்றால் ஃபெராரி எஃப் 40 என்பார்கள், போர்ஷே 959 என்பார்கள், கதவு மேல்நோக்கித் திறக்கும் டிலோரியன் என்பார்கள். ஆனால் இன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆட்கள் தேடித் தேடி வாங்கும் ஒரு கார், நம் கேஈ 70க்கு நெருங்கிய சொந்தம். 1983 முதல் 1987 வரை வந்த கொரோலா ஏஈ 86. செலூன் முன்சில்லுக்கு மாறிய பிறகும் இந்த இரட்டைக் கதவு வண்டி மட்டும் பின்சில்லு இழுவையோடு நின்றது. 1995 இல் ஷுயிச்சி ஷிகெனோ தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரக் கதையில், ஒரு டோஃபு கடைக்காரரின் மகன் இந்தக் காரில் மலை றோட்டில் சரக்குக் கொண்டுபோகிறான். கடைச் சரக்கு ஏற்றிய வண்டிதான் உலகம் முழுக்க இளைஞர்களின் கனவாயிற்று. அமெரிக்காவில் 25 வயது கடந்த வாகனத்துக்கு அவர்களுடைய பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கு உண்டு. அதனால் ஜப்பானிலிருந்து எண்பதுகளின் கார்கள் கப்பல் கப்பலாய் அங்கே போகின்றன.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் ஒன்று இருக்கிறது, பெயர் ஃபீவா. சரித்திர வாகனம் என்பதற்கு அவர்கள் சொல்லும் இலக்கணத்தில் முக்கியமானவை மூன்று. குறைந்தது 30 வயது இருக்க வேண்டும். வந்த காலத்து நிலையில் சரியாகப் பேணப்பட்டிருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்குப் பாவிக்கப்படக் கூடாது. முதல் இரண்டையும் நான் அப்படியே ஏற்கிறேன். மூன்றாவது நம் நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே இந்தக் கார்கள் பிழைத்ததே அன்றாடம் ஓடியதால்தான். நாவுலவிலிருந்து பாடசாலைக்கு வரும் ஒரு ஆசிரியர் தன் டீஎக்ஸ் வேகனை இன்றும் கிழமைநாள் தோறும் ஓட்டுகிறார். ஐந்து வருடம் கொட்டகையில் சும்மா நின்ற காரில் கார்புரேட்டர் அடைத்து, பிரேக் சிலிண்டர் இறுகி, எலி வயரைத் தின்று கிடப்பதைக் கடையில் நின்று நான் பார்க்கிறேன். ஓடும் கார்தான் உடையவனுக்குக் குறையைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு வேறு கதை. 1990 க்குப் பிறகு யுத்தத்தால் ஏ9 பாதை மூடிக்கிடந்தது, பெற்றோலுக்குத் தடை. அந்தக் காலத்தில் அங்கே ஓடியவை ஐம்பதுகளின் ஒஸ்டின் ஏ 40களும் மொரிஸ்களும். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அளவில்தான், அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் விழுங்கிக்கொண்டன. எண்பதுகளின் ஜப்பான் எஞ்சினில் அது ஒன்பதுக்கு ஒன்று. மண்ணெண்ணெயை ஊற்றினால் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும், பிஸ்டன் போய்விடும். அதனால் தெற்கில் கேஈ 70 ஓடிய அதே வருடங்களில் வடக்கில் ஒரு தலைமுறை பழைய கார்களே சுமை சுமந்தன. 2002 இல் பாதை திறந்ததும் ஏ9 வழியே வந்த யாழ்ப்பாணத்து வண்டிகளை எங்கள் கடை வாசலில் நிறுத்தித் தேநீர் குடித்தவர்கள், எங்கள் நீலக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "அண்ணை, இதுக்கு எங்க சாமான் எடுக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டார். பஞ்சிகாவத்தையில் என்று அப்பா சொன்னார். கொழும்பு மருதானைப் பக்கத்திலுள்ள அந்தத் தெருக்களில் கிடைக்காத உதிரிப்பாகம் அன்று இல்லை.

இன்று கிடைக்காதவை கூடிக்கொண்டு போகின்றன. பொயின்ட், வோட்டர் பம்ப், பிரேக் ஷூ எல்லாம் தாய்வானிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வருகின்றன, கவலையில்லை. கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங், கதவுக் கைபிடி, ஹெட் லைட் ஓரத்துக் குரோம் பட்டி, கடிகாரம் பொருத்திய டாஷ்போர்ட், இவைதான் பஞ்சம். தொண்ணூறுகளில் தனபால சமரசேகர என்ற இலங்கையர், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயாருடன் சேர்ந்து, மொரிஸ் மைனருக்கான பாகங்களை இங்கே செய்து அங்கே அனுப்பினார். பிறந்த நாட்டிலேயே கிடைக்காத தகடுகளை நம் தொழிலாளர்கள் கையால் தட்டி எடுத்தார்கள். அதே கைகள் கேஈ 70க்கு ஒரு மட்காட் அடிக்க முடியாதா? ரப்பர் விளையும் நாட்டில் ஒரு பீடிங் வார்க்க முடியாதா? யாராவது தொடங்கினால் முதல் ஓடர் என்னுடையது.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய காரின் விலை ஏறியது. 2022 இல் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் கொடுத்தபோது, சிக்கனமான சின்ன எஞ்சின்களுக்கு இன்னும் மவுசு கூடியது. மவுசு வந்ததும் கையும் வைத்தார்கள். 4கே எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றுகிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துகிறார்கள். வட்ட மீட்டருக்குப் பதில் டிவித் திரை. முப்பது, நாற்பது வருடம் மூன்று குடும்பங்கள் காப்பாற்றிக் கொடுத்ததை ஒரு வார இறுதியில் டிங்கர் கொட்டகையில் அழித்துவிடுகிறார்கள். வேறு எஞ்சின் போட்டால் பதிவுப் புத்தகத்திலும் எஞ்சின் இலக்கம் மாற வேண்டும். அதைச் செய்யாமல், உரிமையாளர் பெயரும் மாற்றாமல் 'ஓபன் பேப்பரில்' கைமாறும் வண்டியை வாங்கியவர் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலைய வேண்டியதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கண் போகும் இடங்களைச் சொல்கிறேன். முன் கண்ணாடிக்குக் கீழே ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். பெற்றரி வைக்கும் தட்டு, ஸ்பெயார் வீல் குழி, பின்சில்லு வளைவின் உள்பக்கம், கதவுப் படிக்குக் கீழே, இங்கெல்லாம் துரு முதலில் தொடங்கும். நீர்கொழும்பு, மாத்தறைப் பக்கத்தில் வளர்ந்த காரில் கடல் உப்பு ஏறியிருக்கும். தம்புள்ளை, அநுராதபுரம் போன்ற வறண்ட இடத்துக் காருக்குத் தகடு நல்லது, ஆனால் வெயிலில் டாஷ்போர்ட் வெடித்திருக்கும், வர்ணம் வெளிறியிருக்கும். என்னைக் கேட்டால் வெளிறிய ஒரிஜினல் வர்ணத்தையே எடுங்கள். புதிதாக அடித்த பளபளப்புக்குக் கீழே எத்தனை கிலோ பட்டி அப்பியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் தகடு எங்கே, பட்டி எங்கே என்று காட்டிவிடும்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். எண்பதுகளில் பதிவான கார்களில் நடுவில் சிங்கள 'ஸ்ரீ' இருக்கும். 1957 இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கு கிழக்கில் தமிழ் 'ஸ்ரீ' போட்டுப் போராடியதை எங்கள் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு அந்த எழுத்துப் போய், 2000 முதல் ஆங்கில எழுத்துகள் வந்தன. அந்த எழுத்தோடு எனக்கு இன்னும் வலி உண்டு. ஆனாலும் எங்கள் நீலக் காரிலிருந்து அதை நான் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். அந்தக் கார் வந்த காலம் அதில் எழுதியிருக்கிறது.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய ஹப் கப், ஹெட் லைட் பட்டி, வெடிக்காத டாஷ்போர்ட், ஜப்பானிலிருந்து காரோடு வந்த கையேடு, அல்லது எங்கள் கொப்பியைப் போல ஒரு சர்வீஸ் கொப்பி கிடந்தால், பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். அதே காரை வைத்திருக்கும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள். தம்புள்ளைப் பக்கம் வந்தால் குருநாகல் றோட்டில் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். யாருடைய வண்டிக்கு எது வேண்டும் என்ற பட்டியல் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. நாவுல ஆசிரியருக்கு இடப்பக்கப் பின் லைட் மூடி ஒன்று அவசரமாக வேண்டும்.