டிஸ்க் தேய்மானம்: ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படலாமா?

இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்தவர்களில் பலர், 'எல்4-எல்5 டிஸ்க் தேய்மானம்' என்ற வரியைப் படித்ததுமே இனி குனியவே முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

நம் முதுகுத்தண்டில் எலும்புக்கு எலும்பு நடுவே மொத்தம் 23 டிஸ்க்குகள். ஒவ்வொன்றையும் சுற்றி உறுதியான நார் வளையம், 15 முதல் 25 அடுக்குகள் வரை. ஓர் அடுக்கின் நார் வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். குனிந்தாலும் திரும்பினாலும் வளையம் தாங்குவது அதனால்தான். நடுவில் இளநுங்கு போல நீர் நிறைந்த ஜவ்வு. பகல் முழுக்க உடல் பாரம் அழுத்துவதால் கொஞ்சம் நீர் வெளியேறும். இரவில் படுத்ததும் ஜவ்வு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். காலையில் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் ஏறக்குறைய கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பின் மெல்லிய தட்டு வழியாகத்தான் சத்து கசிந்து வரவேண்டும். வயது ஏற ஏற அந்த வழி அடைபடுகிறது. நீரைப் பிடித்துவைக்கும் தன்மையும் ஜவ்வில் குறைகிறது. டிஸ்க் காய்ந்து உயரம் குறைய, வளையத்தில் கீறல் விழுகிறது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு. புகைபிடித்தலும் உடல் பருமனும் இதைத் துரிதப்படுத்தும்.

கீறல் வழியே ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரைத் தொட்டால், வலி இடுப்பிலிருந்து தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும். சயாட்டிகா என்பது இதைத்தான். படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் டாக்டர் உங்கள் காலை மெல்லத் தூக்கிப் பார்ப்பது, அந்த நரம்பு இழுபடும்போது வலி முழங்காலுக்குக் கீழே பாய்கிறதா என்று அறியத்தான். அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள் 1934-இல் வெளியிட்ட கட்டுரைதான் பிதுங்கிய டிஸ்க்கையும் கால் வலியையும் தெளிவாக முடிச்சுப்போட்டது.

ஆனால் தேய்மானம் இருந்தாலே வலி வரும் என்பதில்லை. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 1994-இல் வெளியானது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. தலை நரைப்பது போல டிஸ்க்கும் வயதாவது இயல்பு. பிதுங்கிய துண்டைக்கூடப் பல சமயம் உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வலி தணிந்துவிடும்.

அதனால் வாரக்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள். வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு தாங்குகிற அளவுக்கு நடங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் வயிறு, முதுகுத் தசைப் பயிற்சிகளை விடாமல் செய்யுங்கள். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள். உங்கள் வலியும் படமும் பொருந்துகின்றனவா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.