மடியில் கிடத்திய கிட்டார்

கிட்டாரை நெஞ்சோடு அணைத்து வாசிப்பதே ஊர் வழக்கம். ஹவாய்த் தீவுக்காரர்கள் அதை மடியில் மல்லாக்கக் கிடத்தினார்கள். 19ஆம் நூற்றாண்டில் கால்நடைகளைப் பழக்க வந்த மெக்சிகோ மாட்டுக்காரர்களோடு அங்கே போய்ச் சேர்ந்த வாத்தியம் அது. 1889 வாக்கில் ஜோசப் கெக்குக்கு என்ற மாணவர், கம்பியின் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையைப் பழகிப் பழகிச் செப்பனிட்டார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஒலித்த பிறகு, அமெரிக்காவே அந்த இசைக்குப் பித்துப்பிடித்துத் திரிந்தது.

அதில் அப்படி என்ன இருக்கிறது? கிட்டாரின் கழுத்தில் உலோக மெட்டுகள் பதிந்திருக்கும். விரலால் அழுத்தினால் கம்பியின் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறும். ஆனால் ஒரு ஸ்தாயிக்குள் 12 படிகள்தாம். இடையில் உள்ளதைத் தொட வேண்டுமானால் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வீணையின் உயர்ந்த மெட்டுகள் அதற்கு நன்றாக இடம் கொடுக்கும்; கிட்டாரில் சிரமம். ஹவாய்க்காரர்கள் தலைப்பக்கக் கட்டையை உயர்த்திக் கம்பிகளை மெட்டுக்கு எட்டாமல் நிறுத்திவிட்டார்கள். இரும்பு தொடும் இடமே மெட்டு. இரும்பு நகர, ஸ்வரமும் கூடவே வழுக்கிக்கொண்டு போகும்.

நம் கோட்டுவாத்தியமும் இதே வித்தைதான்: மெட்டில்லாத தண்டி, கையில் வழவழப்பான கட்டை. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பெரும்பெயர் பெற்றவர். ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் கேட்டுப் பழகிய நாட்டில் ஹவாய் கிட்டார் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

ஒட்டிய இடம் கல்கத்தா. சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ 1940களில் அங்கே தங்கி வாசித்தார், கற்பித்தார். வங்காளிகள் ரவீந்திர சங்கீதத்தையே அதில் இசைத்தார்கள். ராகத்தை முழுதாக விரித்துக் காட்டியவர் பிரிஜ் பூஷண் காப்ரா. அவருடைய குரு அலி அக்பர் கானின் சரோதுக்கும் மெட்டு கிடையாது என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சந்தூர் வாசித்த சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் காப்ரா வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' என்ற இசைத்தட்டு 1967இல் வந்தது. பின்னால் விஸ்வ மோகன் பட் மீட்டாமலே கூட அதிரும் அனுசுரக் கம்பிகள் சேர்த்து 'மோகன் வீணை' என்று பெயரிட்டார். அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடருடன் அவர் வாசித்த தட்டுக்கு 1994இல் கிராமி விருது. புகழ் பட்டுக்குப் போனது. துணிச்சல் காப்ராவுடையது என்பது என் கட்சி.

இன்று இந்த முறையைக் கற்க வருகிற கிட்டார்காரர்களைப் படுத்துவது இடது கைதான். மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை எங்கே அழுத்தினாலும் சாதாரண கிட்டார் சரியாகவே பேசும். இங்கே இரும்பு இம்மி விலகினாலும் அபஸ்வரம். மெட்டு பார்த்துக்கொள்ளும் வேலையைக் காது பார்க்க வேண்டும்.