நேர்வாய்க் கத்தி

மடக்குக் கத்தியின் வாய் வளைந்திருத்தல் நன்றோ, நேராதல் நன்றோ என வினவுவார்க்கு யான் பண்டை எழுத்தாணியையே காட்டுவேன். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அது பல வகைப்படும். மடக்கெழுத்தாணி ஒருபால் கூராணியும் மறுபால் சிறு கத்தியுமாய்ப் பிடிக்குள் மடங்குவது. ஓலையின் ஓரம் வாருவது அக்கத்தியின் தொழில். வளைந்த வாய் பலகையில் ஓரிடமே படும். நேர்வாயோ அடிமுதல் நுனிவரை ஒருங்கே படியும், நுனியிலும் வெட்டுக் குறையாது. சாணைக்கல்லில் தீட்டுதலும் எளிது. தோலுரிப்பார்க்கு வளைவே வேண்டும், அதனை மறுப்பாரில்லை. மேனாட்டில் ஆட்டுக் குளம்பு சீவப் பிறந்த நேர்வாய்க் கத்தியை மாலுமிகளும் விரும்பினர். அதன் முதுகு நுனியில் வளைந்து வாயோடு சேர்தலின், ஆடும் கப்பலில் குத்துமென்னும் அச்சம் குறைவு.

இறகு சீவியதனாற் பெயர்பெற்ற பேனாக்கத்தியும் எழுத்துக்குத் துணையானதே என்பது நினைக்கத்தக்கது. ஹட்டனில் பனை ஏது? எம் மாணவர் அறிந்தது கவ்வாத்துக் கத்தியே. ‘ஏடு வாருதல்’ என்னும் தொடர் பாடத்தில் வந்தபோது அவர்கள் விழித்தனர். உரை சொல்லியும் பயனில்லை. நேர்வாய்ப் பேனாக்கத்தியால் தாளின் ஓரத்தை வாரிக் காட்டிய பின்னரே தலையசைத்தனர்.